ஏனைய செலவு

சூரிச்சில இருந்து பெனடிக்ற் அண்ணை கேக்கிறார்:
"சீசனுக்கு அனுப்பின காசில
மூண்டில ஒரு பங்கு எங்கை?"

நான் பொருளாளர்.
பகலில பாசையூர் ஐஸ் பக்டரியில ரசீது எழுதிறவன்.
கழகத்தின்ர கொப்பி
இரவு பத்துக்குப் பிறகுதான் திறக்கும்.

அண்ணை,
இருபத்திரண்டு பெடியள், பதினாலு மட்ச்,
காயம் முப்பத்தேழு.
நாங்கள் அடிச்ச கோல் பத்தொன்பது.

பின்தொடைச் சதைதான் கூட.
மாரி முடிஞ்சு, கிறவுண்ட் சீமெந்தாய் இறுகிற மாசியில
ஒரே கிழமையில நாலு பேர்.
சதை கிழிஞ்சால் சத்தம் கேக்குமெண்டு நினைச்சிருந்தன்,
ஒண்டும் கேக்காது.
ஓடிக்கொண்டிருந்தவன்
ஆரோ பின்னால கூப்பிட்ட மாதிரி
நிண்டு திரும்பிப் பாப்பான்.
பிறகு மூண்டு கிழமை ஆள் இல்லை.
ரெண்டு கிழமையில இறக்கினால்
அதே கால், அதே இடம்,
இந்தமுறை ஏழு கிழமை.

ஏலத்தில ஒரு லட்சத்து நாப்பதாயிரம் குடுத்து எடுத்தமே
றொஷாந்தன்,
மொத்தம் நூற்றி அறுபத்துமூண்டு நிமிசம் விளையாடினவன்.
பிரிச்சுப் பாத்தன்:
நிமிசத்துக்கு எண்ணூற்றி அம்பத்தொன்பது ரூபா.
பெஞ்சில இருந்த நேரத்தையும் சேத்தால் மலிவு.

கோலி எட்வினுக்குச் சுண்டுவிரல்.
ரேப் சுத்திக்கொண்டு விளையாடி முடிச்சான்.
செலவு நூற்றியெண்பது.
அதுக்கு மட்டும் வடிவான பில் இருக்கு.

இனி ஜெனிஸ்ரன்.

அரையிறுதி, அறுபத்தோராம் நிமிசம்.
பக்கத்தில ஒருத்தருமில்லை,
பந்துகூட மற்றக் கரையில.
திரும்ப நினைச்சான். உடம்பு திரும்பினது,
முழங்கால் திரும்பேல்லை.
சனம் முதல் சிரிச்சது,
தடக்குப்பட்டு விழுந்தானாக்கும் எண்டு.

ஸ்கான் முப்பத்தெண்ணாயிரம்.
டொக்டர் கடதாசியில கீறிக் காட்டினார்:
உள்ளுக்க ரெண்டு நார்,
ஒண்டை ஒண்டு குறுக்க வெட்டிக்கொண்டு, சிலுவை மாதிரி;
முன்னால இருக்கிறது அறுந்திட்டுது.
சிலுவை எண்டதும் அவன்ர மனிசி
நெத்தியில கை வைச்சுச் செபிக்கத் தொடங்கினா.
டொக்டர் பேனையை மூடிப்போட்டு
அவ முடிக்குமட்டும் இருந்தார்.

கொழும்பில செய்தால் ஆறரை லட்சம்.
பெரியாஸ்பத்திரியில காசில்லை,
திகதி வாற வருசம் ஆவணியில.
அவன் ஆவணியை எடுத்தான்.

போட்டில அவனுக்கு மூண்டில ஒரு பங்கு.
அண்டைக்கிருந்து அந்தப் பங்கு
வேற ஒருத்தன்ர கையில.
எங்கட கொப்பியில அதுக்கு நிரல் இல்லை அண்ணை,
கீறவும் இடமில்லை.

நீங்கள் கேட்ட காசுக்கு வாறன்.
சுண்ணாம்புக்கும் கோல் வலைக்கும் நடுவில
"ஏனைய செலவு 4,500" எண்டு ஒரு வரி இருக்கும்.
பில் இல்லை.
அரையிறுதிக்கு முதல்நாள் பின்னேரம்
அவன்ர முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.
கோச்சும் நானும் ஓட்டோவில ஏத்திக்கொண்டு போய்
ஊசி போடுவிச்சம்.
"நோகேல்லை" எண்டான்.
நோகாதுதானே, அதுக்குத்தானே ஊசி.
அந்த வரியை எழுதின கை இதுதான்.
மற்ற வரியளில மை நீலம், இதில கறுப்பு.
ஏனெண்டு கேட்டால்
பேனை முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லியிருப்பன்.
நீங்கள் கேக்கேல்லை,
மொத்தத்தை மட்டும்தான் கேட்டனீங்கள்.

போன வியாழன் விடிய
ஊண்டுகோலோட பக்டரி வாசலுக்கு வந்தான்.
காலுக்கு வைக்கக் கொஞ்சம் ஐஸ் வேணுமாம்.
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து,
கழகத்தின்ர பேரில எழுதிறதோ
என்ர பேரில எழுதிறதோ எண்டு
யோசிச்சுக்கொண்டு நிண்டன்.
பின்னால நண்டுக்காரர் லைனில நிண்டு கத்துகினம்.

"கடலுக்குப் போறவைக்குப் போடுற விலையைப்
போடுங்கோ" எண்டான்.
சில்லறையை எண்ணி வைச்சான்.
சரியாய் இருந்தது.

அண்ணை, கணக்கு இதோட அனுப்புறன்.
வாற சீசனுக்கு முழங்கால் பட்டி
இருபத்திரண்டு சோடி தேவை.
இருபத்தொண்டு எண்டு எழுதி
வெட்டிப்போட்டுத்தான் திருப்பி எழுதினனான்.
அந்த வெட்டு தெரியும், குறை நினைக்காதேங்கோ.